நல்ல காரியம்தானே, காகிதம் எதற்கு?

ஏறி நின்று சறுக்கும் சக்கரப் பலகையான ஸ்கேட்போர்டில் ஓவியம் அச்சிட்டு விற்று, அந்தப் பணத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யலாம் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இறங்கியபோது இதைப் பற்றித் தமிழில் ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. யாரிடம் சொன்னாலும் "நல்ல ஐடியா" என்றார்கள், "கணக்கு என்ன?" என்று ஒருவரும் கேட்கவில்லை. பாம்பனில் உட்கார்ந்துகொண்டு தனி ஆளாக இதைச் செய்ததில் என் கைக்காசு 80,000 ரூபாய்க்குமேல் போனது, ஒரு மழைக்காலம் முழுக்கத் தூக்கம் போனது, பல வருடம் பழகிய ஓர் ஓவியரோடு சில மாதம் பேச்சும் நின்றுபோனது.

யோசனை என்னுடையது இல்லை. பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸை மையமாகக் கொண்டு 'தி ஸ்கேட்ரூம்' என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. ஆண்டி வார்ஹோல், பாஸ்கியா, கீத் ஹாரிங், ஐ வெய்வெய் போன்ற உலகறிந்த கலைஞர்களின் படைப்புகளை முறையாக உரிமை வாங்கி ஸ்கேட்போர்டுகளில் அச்சிட்டு, குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் விற்கிறார்கள். வருமானத்தில் ஒரு பகுதி இளைஞர்களுக்கான அமைப்புகளுக்குப் போகிறது. அப்படி உதவி பெற்றவற்றில் ஒன்று 'ஸ்கேட்டிஸ்தான்'. ஆலிவர் பெர்கோவிச் என்ற ஆஸ்திரேலியர் 2007-ல் காபூல் தெருக்களில் பிள்ளைகளுக்கு ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுத்ததில் தொடங்கியது அது. சறுக்க வருகிற பிள்ளையை அப்படியே பாடத்துக்கும் உட்கார வைப்பதுதான் அவர்கள் வழி. இதைப் படித்ததும் எனக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான் கண்முன் வந்தார்கள்.

நான் சென்னையில் அச்சு வடிவமைப்பு வேலை பார்த்துவிட்டு ஊரோடு திரும்பியவள். இங்கே ஒரு சிறிய அறக்கட்டளை மீனவத் தெருப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறது. நான் வரைதல் சொல்லிக்கொடுப்பேன். பிரப்பன்வலசைக்குக் கைட் சர்ஃபிங் பழக வந்த ஒருவர் ஊருக்குப் போகும்போது இரண்டு ஸ்கேட்போர்டுகளை விட்டுவிட்டுப் போனார். அன்று முதல் வகுப்புக்கு வருகிற கூட்டம் இரண்டு மடங்காகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் தனுஷ்கோடி அரிச்சல்முனைச் சாலைக்குப் போவோம். 2017-ல் போட்ட அந்தச் சாலை நேராக, வழவழவென்று இருக்கும். ஆனால் கடற்காற்று இரவோடு இரவாக மணலைக் கொண்டுவந்து தார் மேல் பரப்பிவிடும். சின்ன, கெட்டியான சக்கரம் ஒரு பிடி மணலில் ஏறினால் அப்படியே நிற்கும், பிள்ளை மட்டும் முன்னால் போய் விழும். இந்தக் கரையில் யாராவது பிள்ளைகளுக்குப் போர்டு வாங்குவதாக இருந்தால் பெரிய, மிருதுவான சக்கரமாகப் பார்த்து வாங்குங்கள். பேரிங்கை உப்பு தின்றுவிடும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துத் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுகிற வைத்தியத்தைப் படகு இஞ்சின் பார்த்து வளர்ந்த எங்கள் பையன்கள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மதுரையில் இருக்கும் ஓவியர் ஒருவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். தனுஷ்கோடியின் இடிந்த கோயில், கரையேற்றிய வத்தைப் படகுகள், கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் என்று வரைந்தவர். மூன்று படங்களைக் கேட்டேன். "எடுத்துக்கம்மா, நல்ல காரியம்தானே, காகிதமெல்லாம் எதுக்கு?" என்றார். எனக்கும் அவரிடம் போய்க் கையெழுத்துக் கேட்கக் கூச்சமாக இருந்தது. நாற்பது பலகைகளுக்கு ஆர்டர் கொடுத்தேன்.

பலகைகள் அச்சாகி வந்து, படங்களை வெளியிட்ட அடுத்த வாரம் ஒரு விடுதி உரிமையாளர் போன் செய்தார். பாசி எடுக்கும் பெண்கள் படம் அவருடைய விடுதி வரவேற்பறையில் மாட்டுவதற்காக அவர் சொல்லி, அவர் பணம் கொடுத்து வரைந்தது என்றார். முதலில் நான் அசரவில்லை. படத்தை விலைக்கு வாங்கியவருக்குச் சுவரில் மாட்டும் உரிமைதான் உண்டு, நகல் எடுக்கும் உரிமை ஓவியரிடமே இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது பொதுவாகச் சரிதான். ஆனால் ராமநாதபுரத்தில் ஒரு வழக்கறிஞர் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவை எடுத்துக் காட்டினார். ஒருவர் கேட்டுக்கொண்டு, கூலி கொடுத்து வரையச் சொன்ன ஓவியமாக இருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் பதிப்புரிமையின் முதல் உரிமையாளரே அப்படிச் சொன்னவர்தான். வரைந்து வைத்ததை விற்பது வேறு, சொல்லி வரைவது வேறு. அண்ணனுக்கே இது தெரியாது. அந்தப் படம் ஏறிய பன்னிரண்டு பலகைகளையும் எடுத்துப் பரணில் வைத்தேன். பலகையும் அச்சும் சேர்ந்து ஒன்று 2,750 ரூபாய். 33,000 ரூபாய் ஒரே போனில் முடங்கியது. அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

அதோடு நிற்கவில்லை. இரண்டாவது படத்தின் உரிமையை அண்ணன் பல வருடங்களுக்கு முன்பு ஒரு காலண்டர் அச்சகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். இந்த முறை சட்டம் எங்கள் பக்கம் இருந்தது. 19-ஆம் பிரிவின்படி உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள்தான் செல்லும். எந்த இடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். அந்தப் பழைய காகிதத்தில் காலம் எழுதவில்லை, ஐந்து வருடம் எப்போதோ கடந்துவிட்டது. பிழைத்தோம். ஆகவே ஓவியரிடம் படம் கேட்கும்போதே மூன்றைக் கேட்டுவிடுங்கள்: யாராவது சொல்லி வரைந்ததா, இதற்குமுன் யாருக்காவது எழுதிக் கொடுத்ததுண்டா, எத்தனை பலகைக்கு எவ்வளவு காலத்துக்கு எனக்குத் தருகிறீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். பழைய ஓவியரின் படத்தைப் போட்டால் தொல்லை இல்லை என்று நினைப்பவர்களுக்கு: ஓவியர் இறந்து 60 ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும். 1906-ல் மறைந்த ரவி வர்மாவின் படங்களை யாரும் போடலாம். சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர் மறைந்தது 1977-ல். அவர் படத்துக்கு 2037 முடியும்வரை அனுமதி வேண்டும்.

அண்ணனோடு மனத்தாங்கல் வந்தது உரிமையால் அல்ல, வெட்டியதால். ஒரு பலகை ஏறக்குறைய 8 அங்குல அகலம், 32 அங்குல நீளம். அதாவது ஒன்றுக்கு நான்கு. அவர் படங்களோ நாம் வழக்கமாகப் பார்க்கும் நான்குக்கு மூன்று அளவு. பலகைக்குள் அடக்க நடுவில் ஒரு பட்டையை மட்டும் எடுத்தேன். வத்தையின் முன்பாதியான அணியம் இருக்கிறது, பின்பாதியைக் காணோம். பார்த்தவர் ஒரு வார்த்தை பேசாமல் பலகையைத் திருப்பிச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் போனார். உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும், தன் பெயருக்குக் கேடு வரும்படி படைப்பைச் சிதைத்தால் ஓவியர் தட்டிக் கேட்கலாம் என்கிறது 57-ஆம் பிரிவு. அவர் சட்டம் பேசவில்லை, போனை எடுக்கவில்லை, அவ்வளவுதான். அவர் வழக்குப் போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. வெளிநாட்டில் ஏன் மூன்று பலகைகளை ஒரு செட்டாக விற்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் 24-க்கு 32 அங்குலம். நெட்டுவாக்கில் உள்ள ஒரு படம் சேதமில்லாமல் உட்காரும். சக்கரம் மாட்டுவதற்கான எட்டு துளைகள் எங்கே விழும் என்பதையும் படத்தின் மேல் முதலிலேயே குறித்துக் கொள்ளுங்கள். என்னுடைய ஒரு பலகையில் கோயில் கோபுரத்தின் நடுவில் நான்கு ஓட்டை. சுவருக்கு மட்டும் என்றால் துளையே போட வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

அச்சிலும் அடி வாங்கினேன். மதுரையில் பெயர்ப்பலகை அடிக்கிற கடையில் யூவி பிரிண்டர் இருந்தது. அது தட்டையான பொருளுக்கான இயந்திரம். ஸ்கேட்போர்டு நடுவில் குழிந்து, இரண்டு முனையும் மேலே வளைந்திருக்கும். அச்சுமுனைக்கும் மரத்துக்கும் இடைவெளி கொஞ்சம் கூடினாலே மை சிதறிவிடும். ஓரங்களெல்லாம் பூத்துப்போய் வந்தன. போர்டு செய்கிறவர்கள் படத்தை முதலில் ஒரு ஃபிலிமில் அச்சிட்டு, சூடான சிலிக்கோன் உருளையால் பலகையின் வளைவோடு அழுத்தி ஏற்றுவார்கள். அந்த உருளை இல்லாத கடைக்குப் போகாதீர்கள்.

இனி மரம். இதில் போனதுதான் இன்னும் ஆறவில்லை. நல்ல ஸ்கேட்போர்டு என்றால் ஏழு மெல்லிய மேப்பிள் மர அடுக்குகளைப் பசை வைத்து அழுத்தியது. வடக்கே விளையாட்டுச் சாமான் செய்யும் ஊர் ஒன்றிலிருந்து ஒரு வியாபாரி "கனடா மேப்பிள்" என்று சொல்லி ஒன்று 2,100 ரூபாய்க்கு அனுப்பினார். வந்தது ஐப்பசியில். எங்கள் வீடு வடகடல் ஓரம்; வாடைக்காற்று தொடங்கிவிட்டால் வீட்டுக்குள் உப்பு டப்பாவே தண்ணீர் விடும். கார்த்திகையில் பெட்டிகளைத் திறந்தால் ஒன்பது பலகைகள் முறுக்கிக்கொண்டு நின்றன. ஒன்றின் முனையில் நகத்தை வைத்து நெம்பினேன், அடுக்கு வாழைப்பட்டை மாதிரி உரிந்து வந்தது.

வத்தை கட்டும் ஓடாவி சித்தப்பா ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். ஒரு பலகையை வாங்கி விளிம்பை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார், விரலால் சுண்டிச் சத்தம் கேட்டார். "இது மேசைக்கு அடிக்கிற பசை ஆத்தா. கடக்கரைக்கு ஆகுமா இது? வாங்குறதுக்கு மின்னால ஒரு துண்டு கேட்டு வாங்கி அவிச்சுப் பாத்திருக்கணும்ல" என்றார். பிளைவுட் கடையில்கூட இந்தப் பாகுபாடு உண்டு. இந்தியத் தரக்குறியீட்டில் ஐ.எஸ். 303 என்பது சாதாரணப் பயன்பாட்டுக்கு, ஐ.எஸ். 710 என்பது மரைன் பிளை. கொதிநீரிலும் பசை விடக்கூடாது என்பதுதான் அதற்கு வைக்கும் சோதனை. ஸ்கேட்போர்டுக்கு இந்த முத்திரை கிடையாது. ஆனாலும் வெட்டிப்போட்ட ஒரு துண்டை அனுப்பச் சொல்லி இரண்டு மணி நேரம் கொதிக்க வைத்தால் பசையின் யோக்கியதை தெரிந்துவிடும். சித்தப்பா இன்னொன்றும் சொன்னார்: மரம் தண்ணீர் குடிப்பது முகத்தால் அல்ல, அறுத்த விளிம்பால். துளைகளுக்குள்ளும் விளிம்பைச் சுற்றியும் இரண்டு கை வார்னிஷ் அடித்த பிறகு மிச்சப் பலகைகளில் ஒன்றுகூடக் கெடவில்லை. வியாபாரியிடம் பணத்தைத் திரும்பக் கேட்டேன். பில் இல்லாத சரக்கு, எதைக் காட்டிக் கேட்பது? "நல்ல காரியத்துக்குன்னு விலை குறைச்சுக் கொடுத்தேனே மேடம்" என்றார் அவரும்.

விற்க முடிந்தது பத்தொன்பது பலகைகள், ஒன்று 5,500 ரூபாய். இதில் நான் சரியாகச் செய்தது ஒன்றுண்டு: பலகைக்கு 1,500 ரூபாய் பிள்ளைகளுக்கு என்று முதலிலேயே ரூபாயாக அறிவித்திருந்தேன். ஒரு நண்பர் "லாபத்தில் பாதி என்று போடு" என்றார். அப்படிப் போட்டிருந்தால் பிள்ளைகளுக்குச் சல்லிக்காசு போயிருக்காது, ஏனென்றால் லாபமே இல்லை. 28,500 ரூபாயை அறக்கட்டளைக் கணக்கில் கட்டினேன், என் சேமிப்பிலிருந்துதான். இப்படிப் பலகை வாங்குகிறவர்கள் "லாபத்தில் பங்கு" என்ற வரியைப் பார்த்தால் எத்தனை ரூபாய் என்று கேளுங்கள்.

வரி விஷயத்தில் என்னைச் சுற்றவிட்டது இரண்டு. தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி பதிவு தேவையில்லை. ஆனால் ஒரே ஒரு பலகையைப் பெங்களூருக்கு விற்றாலும் பதிவு கட்டாயம். கைவினைப் பொருள்களுக்குச் சலுகை உண்டு, இயந்திர அச்சு அதில் சேராது. எனக்கு வந்த ஆர்டரில் பாதி வெளிமாநிலம். பில் இல்லாமல் வாங்கிய மரத்துக்குக் கட்டிய வரி என்று எதையும் கழிக்கவும் முடியவில்லை. இரண்டாவது, 80ஜி ரசீது, அதாவது நன்கொடை கொடுத்தவர் வருமான வரியில் சலுகை பெறக் காட்டும் ரசீது. வாங்கியவர்கள் 5,500-க்கும் ரசீது கேட்டார்கள். பொருளுக்குக் கொடுத்த பணம் நன்கொடை ஆகாது. வாங்குபவர் தனியாக, தானே விரும்பி, அறக்கட்டளையின் கணக்குக்கு நேராக அனுப்பும் தொகைக்குத்தான் ரசீது. அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் என்றால் வரிவிலக்கு இல்லை. பொருளுக்கு ஒரு பில், நன்கொடைக்கு வேறு ரசீது என்று முதல் நாளே பிரித்துவிடுங்கள்.

லண்டனில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் 50,000 ரூபாய் தருகிறேன் என்றார். அவர் கையில் இருப்பது பிரிட்டன் பாஸ்போர்ட். அப்படியென்றால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு. அதற்கான 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத அறக்கட்டளை அதைத் தொடவே கூடாது. அதே ஊரில் இந்திய பாஸ்போர்ட்டோடு இருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து அனுப்பினால் அந்தச் சிக்கல் இல்லை. நல்லவேளை, அறக்கட்டளைக் கணக்காளர் நிறுத்தினார். வேண்டாம் என்று சொன்னதில் அந்தச் சொந்தக்காரருக்கு இன்றும் வருத்தம்.

கூரியர் ஒரு தனிக்கதை. பலகை ஒன்றரைக் கிலோகூட இல்லை. ஆனால் பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வருவதைத்தான் எடை என்று கணக்குப் போடுகிறார்கள். 85, 25, 10 என்ற என் பெட்டி நாலேகால் கிலோ ஆகிவிட்டது. பெட்டியை ஒட்டி வெட்டுங்கள்.

பணம் போனதெல்லாம் ஒரு பக்கம். விற்பனைக்கு உதவுகிறேன் என்று வந்த சென்னைத் தம்பி ஒருவர், எங்கள் பிள்ளைகள் போர்டோடு நிற்கும் படத்தைப் போட்டு, கீழே 'கண்ணீரில் மிதக்கும் மீனவக் குழந்தைகள்' என்று எழுதிவிட்டார். மறுநாள் சாயங்காலம் நாலைந்து அம்மாக்கள் வகுப்பு வாசலில். "எம்புள்ள எப்பத் தங்கச்சி கண்ணீர்ல மெதந்துச்சு? அவுக அப்பா வெசப்படகுல போறாக, நான் கருவாடு விக்கிறேன். ஒங்ககிட்ட யாரு பிச்ச கேட்டா?" என்று ஒரு அக்கா கேட்டார். நான் பிறந்த தெரு அது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். படத்தை உடனே எடுத்தோம். அதற்குப் பிறகு பிள்ளைகள் முகம் தெரியும் படம் எதையும் போடுவதில்லை. வாசகம் எதுவானாலும் வகுப்பில் உரக்க வாசித்துக் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகுதான் வெளியே போகிறது. ஒன்பதாவது படிக்கிற பையன் ஒருவன் ஒரு வாசகத்தில் இரண்டு எழுத்துப்பிழை கண்டுபிடித்தான், அது வேறு.

அவனிடம்தான் முதல் பலகையைச் சக்கரம் மாட்டிக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்துவிட்டு, "படம் தேஞ்சு போகும்க்கா, நான் ஏற மாட்டேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். சுவரில் மாட்டும் பலகை வேறு, ஏறும் பலகை வேறு. ஓவியப் பலகைகளை விற்ற காசில் பிள்ளைகளுக்குப் படமில்லாத வெறும் போர்டு வாங்குவதுதான் கணக்குக்கும் சரி.

தை பிறந்த பிறகு அண்ணனே வந்தார். ஒன்றுக்கு நான்கு அளவிலேயே புதிதாக வரைகிறேன் என்றார், கீழே எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று அவரே கேட்டார். இப்போது எங்களிடம் இரண்டு பக்க ஒப்பந்தம் இருக்கிறது. பணம் வந்த ஆர்டருக்கு மட்டும்தான் அச்சு. ஐப்பசி முதல் மார்கழி வரை பலகை வாங்குவதுமில்லை, அடுக்கி வைப்பதுமில்லை. ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் ஓடாவி சித்தப்பாவுக்குப் படகு பழுதுபார்க்கவே நேரம் போதாது, அதனால் விளிம்பு வார்னிஷ் வேலையைப் பங்குனிக்குள் முடித்துவிட வேண்டும். பரணில் இருக்கும் பன்னிரண்டுக்கும் விடுதிக்காரர் இறங்கி வந்திருக்கிறார்: மூன்றை அவருக்குக் கொடுத்தால் மிச்சத்தை விற்றுக்கொள்ளச் சம்மதம் என்று போனில் சொன்னார். எழுதிக் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை.